ஜவ்வரிசிச் சீமையில் ஒரு மாவில்லாப் பை

எங்கள் வீட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பந்தி. ஒன்றரை மணிக்கு ஒரு பந்தி. ஏதோ கல்யாண வீடு என்று நினைத்துவிடாதீர்கள்! முதல் பந்தியில் உட்காருகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மாமியார்.

மூன்று வருஷங்களுக்கு முன்னால் டாக்டர் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னார். அன்று முதல் அத்தைக்குத் தனிச் சட்டி, தனிச் சமையல். ஒரு நாள் கோதுமை ரவை. ஒரு நாள் கேழ்வரகுக் களி. நாங்கள் கத்தரிக்காய்க் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது யாருக்குத்தான் முடியும்? அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"எனக்குப் பசிச்சுது கண்ணு, முன்னாலேயே உண்டுட்டேன்" என்பார்.

பசியாவது ஒன்றாவது! ஒரு காலத்தில் அறுவடை நாளில் நாற்பது பேருக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவர் அவர். அப்படிப்பட்டவர் இன்று சமையலறைக் கதவோரம் தனியாக உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போலிருக்கும். ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்தச் சித்திரையில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. அது வந்த வழிதான் வேடிக்கை.

என்ன பை, கண்ணு?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "அம்மா, இன்றைக்கு நான் காய்கறிப் பை செய்யப் போகிறேன்" என்றாள்.

அத்தை திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "என்ன பை கண்ணு? மஞ்சள் பையா?"

"ஐயோ அப்பத்தா, இது தின்கிற பை!"

விஷயம் இதுதான். ஆங்கிலேயர்கள் மாவைப் பிசைந்து, கிண்ணம்போல் தட்டில் பரப்பி, உள்ளே காய்கறியோ கறியோ வைத்து அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். அதற்குப் 'பை' என்று பெயர். இனிப்புப் பையும் உண்டு, காரப் பையும் உண்டு. மகள் செய்ய நினைத்தது காரப் பை.

மைதா டப்பாவை அவள் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. 200 கிராம் மைதா போட்டால் அதில் ஏறக்குறைய 150 கிராம் மாவுச்சத்து! காய் எவ்வளவு நல்லதாக இருந்தால் என்ன? அதைத் தாங்குகிற கிண்ணமே சர்க்கரைக் கிண்ணமாக இருந்தால் அத்தை எப்படிச் சாப்பிடுவார்? மறுபடியும் அவருக்குத் தனிச் சட்டிதானா?

"அந்த டப்பாவை மூடு. மாவே இல்லாமல் ஒரு பை செய்ய முடியுமா, பார்ப்போம்" என்றேன்.

மாவை மாற்றினால் போதுமா?

நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அரிசியை விட்டுவிட்டுக் கோதுமைக்கோ கேழ்வரகுக்கோ மாறிவிட்டால் சர்க்கரை நம் பக்கம் தலைகாட்டாது என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் அத்தைக்குக் களியைக் கிண்டிக் கிண்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு பெரிய ஆய்வு நடத்தின. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-இல் அந்த ஆய்வு சொன்னது. நாம் என்ன சாப்பிடுகிறோம் என்ற கணக்கு 2025-இல் வெளியாயிற்று. நம் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிவிட்டு மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் அதில் பலன் காணவில்லை என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. ஒரு பங்கு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கே ஆபத்து குறைவாகத் தெரிந்ததாம்.

ஆக, தட்டில் எந்த மாவு என்பதைவிட, எவ்வளவு மாவு என்பதுதான் கேள்வி.

ஒரு கையில் ஜவ்வரிசி, மறு கையில் முட்டை

இந்தக் கேள்வி எங்கள் சேலத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. எங்கள் ஊரின் பெருமைகளில் ஒன்றே மாவுச்சத்துதானே! இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோயிற்று. 1943-வாக்கில் குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் பிறந்தது. அந்தத் தொழிலுக்காக 1981-இல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வெள்ளை முத்துப் போன்ற அந்த ஜவ்வரிசியை 100 கிராம் எடுத்தால், அதில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பாயசத்துக்கு அழகுதான், அத்தைக்கு ஆகாது.

ஆனால் ஆண்டவன் ஒரு கையில் ஜவ்வரிசியைக் கொடுத்தால் மறு கையில் முட்டையைக் கொடுத்திருக்கிறான். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. அங்கே சொல்லும் விலைதான் நம் தெருக்கோடி மளிகைக் கடை வரைக்கும் எட்டுகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மாவுச்சத்தோ 1 கிராம்கூடக் கிடையாது. அடித்து ஊற்றிச் சுட்டால் தானாகவே இறுகி, காய்கறியைப் பிடித்துக்கொள்ளும். மாவு செய்கிற வேலையை முட்டையே செய்துவிடுமே!

நாமக்கல் பக்கம் என் தம்பிக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. போனில் கேட்டேன்: "கோடையில் முட்டை சூடு என்கிறார்களே தம்பி, அத்தைக்குக் கொடுக்கலாமா?"

அவன் சிரித்தான். "வெயிலில் சூடு தாங்காமல் தவிக்கிறது கோழிதான் அக்கா. தீனி குறைஞ்சு போகுது, முட்டை சிறுத்துப் போகுது, ஓடும் மெலிசாகுது. அதனால் பார்த்து வாங்குங்க. தண்ணியில் போட்டால் படுத்துக்கிடக்கணும், மிதந்தால் வேண்டாம்."

அடிப்பாகத்துக்கு என்ன செய்வது? அதற்கும் நம் மண்ணே பதில் சொல்லிற்று. நிலக்கடலை! வறுத்துப் பொடித்த கடலையில் ஒரு வெள்ளைக் கருவைப் பிசைந்தால் மைதாவைப்போலப் படிந்து நிற்கிறது.

முதல் நாள் வந்தது ரசம்!

காய்க்குக் கடைக்குப் போகவில்லை. புழக்கடைப் பந்தலில் பீர்க்கங்காய் தொங்கிற்று. கத்தரியும் தக்காளியும் காய்த்திருந்தன. மூலையில் முருங்கை மரம். தோட்டம் இல்லாதவர்கள் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் இத்தனையும் பனி ஈரத்தோடு வாங்கலாம்.

நானும் மகளும் உற்சாகமாகக் காயை நறுக்கி, முட்டையை அடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடுப்பில் வைத்தோம். வெந்த பிறகு திறந்து பார்த்தால், தட்டில் பாதி தண்ணீர்! பீர்க்கங்காயும் தக்காளியும் தம்மிடமிருந்த நீரையெல்லாம் கக்கிவிட்டன. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பை என்றீர்களே, ரசம் மாதிரி இருக்கிறதே?" என்றார். மகளுக்குக் கோபம், எனக்கு வெட்கம்.

ஆனால் பாடம் கிடைத்தது. கோடைக் காயில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அதை முதலில் வெளியேற்றிவிட்டுத்தான் முட்டையோடு சேர்க்க வேண்டும். மறுநாள் அப்படியே செய்தோம். பை நின்றது! அந்தச் செய்முறையை இதோ சொல்கிறேன்.

வேண்டிய சாமான்கள் (நாலு பேருக்கு)

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 100 கிராம், முட்டை 7, பீர்க்கங்காய் 250 கிராம், கத்தரிக்காய் 200 கிராம், தக்காளி 2, சின்ன வெங்காயம் 100 கிராம், முருங்கைக்கீரை ஒரு பிடி, பச்சை மிளகாய் 3, இஞ்சி சிறு துண்டு, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, பால் அரை டம்ளர், நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு, கறிவேப்பிலை, கொத்துமல்லி.

செய்முறை

பீர்க்கங்காயைத் தோல் சீவி, கத்தரிக்காயோடு சேர்த்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, 1 தேக்கரண்டி உப்பைப் பிசறி 20 நிமிஷம் வையுங்கள். பிறகு கைப்பிடியாக அள்ளி நன்றாகப் பிழிந்துவிடுங்கள். தக்காளியின் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். அந்தச் சாறு ரசத்துக்கு ஆகும்.

கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிப் பொடியுங்கள். ஒரேயடியாக அரைத்தால் எண்ணெய் கக்கிக் கூழாகிவிடும். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவையும் ஒரு சிட்டிகை உப்பையும் அதில் பிசைந்து, எண்ணெய் தடவிய 8 அங்குல வட்டத் தட்டில் விரலால் அழுத்திப் பரப்புங்கள். தட்டு 2 அங்குல உயரமாவது இருக்கட்டும். மின்சார அடுப்பானால் 180 டிகிரி சூட்டில் 10 நிமிஷம் வைத்து எடுங்கள்.

வாணலியில் எண்ணெய் விட்டுக் கறிவேப்பிலை, இஞ்சி, மிளகாய், வெங்காயம் என்று வரிசையாக வதக்குங்கள். பிழிந்த காயைப் போட்டு, மூடாமல், ஈரம் வற்றும் வரை வதக்குங்கள். மூடினால் மறுபடியும் நீர் விடும். கடைசியில் தக்காளியும் முருங்கைக்கீரையும் போட்டு இரண்டு பிரட்டு பிரட்டி இறக்கி ஆறவையுங்கள். சூட்டோடு முட்டையில் கொட்டினால் திரிந்து போகும்.

மீதி 6 முட்டை, எடுத்துவைத்த மஞ்சள் கரு, பால், மிளகுத்தூள் இவற்றை அடித்துக் காயைக் கலந்து, கடலைத் தளத்தின்மேல் ஊற்றுங்கள். காயில் ஏற்கெனவே உப்பு ஏறியிருப்பதால் பார்த்துப் போடுங்கள். கொத்துமல்லியைத் தூவி, அதே சூட்டில் 35 முதல் 40 நிமிஷம் வையுங்கள். நடுவில் கத்தியைக் குத்தினால் சுத்தமாக வரவேண்டும். 15 நிமிஷம் ஆறவிட்டு வெட்டுங்கள். அவசரப்பட்டால் உடையும்.

மின்சார அடுப்பு இல்லையா? கவலை வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில் ஓரங்குலம் மணல் பரப்பி, ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிஷம் சூடேற்றுங்கள். உள்ளே தட்டை வைத்து, தீயைத் தணித்து, முக்கால் மணி விடுங்கள். நம் பாட்டிமார் மூடிமேல் தணலை அள்ளிக் கொட்டிக் கேக் சுட்டது இந்த முறையில்தான்.

முட்டை தொடாத சகோதரிகள் 300 கிராம் பன்னீரை உதிர்த்து, கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி, கடலை மாவு 2 மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்து காயோடு கலந்து சுடலாம். அப்போது அடித்தளத்துக் கடலைப் பொடியையும் தயிரிலேயே பிசைந்துகொள்ளுங்கள்.

கணக்கும் எச்சரிக்கையும்

நாலில் ஒரு பங்கில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து. புரதம் 18 கிராமுக்குக் குறையாது. 200 கிராம் சோற்றிலோ மாவுச்சத்து 55 கிராம் அளவுக்கு இருக்கிறது. வித்தியாசம் உங்களுக்கே புரியும். பக்கத்தில் புதினாத் துவையலும் மோரும் போதும். பாட்டிலில் வரும் தக்காளி ஸாஸை ஊற்றிவிடாதீர்கள். அதில் சர்க்கரை இருக்கிறது. சாப்பிட்ட கையோடு மல்கோவா மாம்பழத்தை முழுசாக முடித்தாலும் கணக்கு கவிழ்ந்துவிடும்!

ஒன்று முக்கியம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்ஸுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். ஆகையால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கேட்பது அவசியம். நானும் அத்தையின் டாக்டரைக் கேட்ட பிறகுதான் செய்தேன்.

ஒன்றரை மணிப் பந்தி

இரண்டாம் நாள் பை அடுப்பிலிருந்து இறங்கும்போது மணி ஒன்றேகால். வேண்டுமென்றே தாமதம் செய்தேன். அத்தை பன்னிரண்டு மணிக்கே இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

கூடத்தில் ஐந்து தட்டுப் போட்டேன். அத்தை தம்முடைய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவோரம் நகர்ந்தார்.

"எங்கே போகிறீர்கள் அத்தை? இங்கேயே உட்காருங்கள்."

"எனக்கு என்ன கண்ணு வெச்சிருக்கே?"

"இதுதான்."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் இதுதான்."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அவரும் பேரனும் அதே பையை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். ஒரு துண்டு வாயில் போட்டார். எங்கள் எல்லோர் கண்ணும் அவர் வாயின் மேல்தான்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு, "பீர்க்கங்காயை இன்னும் நல்லாப் பிழிஞ்சிருக்கணும். நாளைக்கு நான் பிழியறேன்" என்றார்.

"நாளைக்குச் சனிக்கிழமை, முட்டை ஆகாதே அத்தை!"

"அப்போ ஞாயித்துக்கிழமை" என்றார், தட்டை முன்னால் நகர்த்திக்கொண்டே.

அத்தையின் சர்க்கரை இறங்கிவிட்டதா என்று கேட்பீர்கள். ஒரு பையில் இறங்குகிற சங்கதியா அது? மாத்திரை, நடை, பரிசோதனை எல்லாம் முன்போலவே நடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள்தான் இந்தப் பை. மற்ற நாட்களிலும் எல்லோர் தட்டிலும் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டியிருக்கிறேன்.

ஆனால் பன்னிரண்டு மணிப் பந்தி மட்டும் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது.