ஒரு பயணச்சீட்டும் நான்கு அட்டவணைகளும்

கோடை விடுமுறை நெருங்கும்போது மயூர் விஹாரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஊருக்குச் செல்லும் பேச்சு தொடங்கிவிடும். புது தில்லியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் தமிழ்நாடு விரைவு வண்டியில் இடம் கிடைக்குமா, அல்லது யமுனையைக் கடந்து நிஜாமுதீன் நிலையத்தில் கன்னியாகுமரிக்குச் செல்லும் திருக்குறள் விரைவு வண்டியைப் பிடிக்கலாமா என்று பெரியவர்கள் கணக்கிடுவர். இடம் கிடைத்தபின் கைக்கு வரும் பயணச்சீட்டை மாணவர்கள் ஊன்றிப் படிப்பதில்லை. வண்டி எண், வண்டியின் பெயர், பயண நாள், பத்து இலக்கங்கள் கொண்ட பி.என்.ஆர். எண், பயணிகளின் பெயர், வயது, பெட்டி எண், படுக்கை எண் ஆகியன அதில் அச்சிடப்பட்டிருக்கும். தரவுத்தளம் அமைக்கக் கற்கத் தொடங்குவோர்க்கு அந்த ஒரு தாளே போதுமான பாடம்.

இடம் ஒதுக்கும் பணி முன்னாளில் பெரிய பதிவேடுகளில் கையால் எழுதியே நடைபெற்றது. ஒரு பதிவேடு ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க முடியும். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் உரிய சாளரத்தைத் தேடிச் சென்று வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 1985ஆம் ஆண்டு புது தில்லியில் கணினிவழி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கப்பட்டது. பதிவேடு கணினிக்குள் சென்றபின் எந்தச் சாளரத்தில் நின்றாலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெற முடிந்தது. 2002 முதல் வீட்டிலிருந்தே இணையவழியில் பெறவும் முடிகிறது. இரயில்வேயின் தரவுத்தளம் மிகப் பெரியது. அதன் உள்ளமைப்பு இப்பாடத்தின் பொருளன்று. ஒரு குடும்பம் தன் பயணங்களைக் குறித்து வைக்க விரும்பினால் எவ்வாறு தொடங்கும் என்பதே இங்குப் பொருள்.

புதிதாகத் தொடங்குபவர் பெரும்பாலும் ஒரே நீண்ட அட்டவணையைத்தான் வரைவார். சீட்டில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிரல். ஒவ்வொரு பயணிக்கும் ஒரு நிரை. நால்வர் சென்றால் நான்கு நிரைகள். நான்கிலும் வண்டியின் பெயர், நான்கிலும் அதே நாள், நான்கிலும் அதே பி.என்.ஆர். எண். பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருக்கும். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய இரயில்வே தன் வண்டி எண்களை ஐந்து இலக்கங்களாக மாற்றியது. 2622 என்றிருந்த தமிழ்நாடு விரைவு வண்டி 12622 ஆயிற்று. நீண்ட அட்டவணை வைத்திருப்பவர் அந்த எண் வரும் எல்லா நிரைகளையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் கணினியின் கணக்கில் இரண்டு வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். ஒரு செய்தி பல இடங்களில் எழுதப்பட்டிருந்தால் அவ்விடங்கள் ஒன்றோடொன்று முரண்படும் நாள் எப்படியும் வந்துசேரும்.

இச்சிக்கலுக்குக் கணித வழியில் விடை கண்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1970இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே உறவுநிலைத் தரவுத்தளத்தின் தொடக்கம். அதற்காக 1981இல் அவருக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது. அவருக்கு முன்பிருந்த அமைப்புகளில், ஒரு செய்தி எந்த வழியாகச் சென்றால் கிடைக்கும் என்பது நிரலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட் அந்தச் சுமையை நீக்கினார். செய்திகள் அட்டவணைகளில் இருக்கட்டும். ஓர் அட்டவணையிலுள்ள மதிப்பு மற்றோர் அட்டவணையிலும் காணப்படுவதே அவற்றை இணைக்கப் போதும் என்றார். ‘உறவு’ என்ற சொல்லைக் கேட்டதும் அட்டவணைகளுக்கு இடையிலான உறவு என்றே பலரும் எண்ணுகின்றனர். கணிதத்தில் உறவு என்பது அட்டவணையையே குறிக்கும். புத்தகங்கள் சிலவும் இதைத் தவறாக எழுதுவதால் இங்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி நீண்ட அட்டவணையைப் பிரிக்கலாம். வண்டியின் எண்ணும் பெயரும் வண்டியைப் பற்றியன. அவை வண்டி அட்டவணைக்குச் செல்லும். பி.என்.ஆர். எண்ணும் பயண நாளும் சீட்டைப் பற்றியன. பெயரும் பிறந்த நாளும் ஆளைப் பற்றியன. ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு நிரையை மற்ற நிரைகளிலிருந்து பிரித்துக் காட்டும் நிரல் ஒன்று வேண்டும். அது முதன்மைத் திறவுகோல் எனப்படும். அதே மதிப்பு வேறோர் அட்டவணையில் சுட்டாக நிற்கும்போது அயல் திறவுகோல் எனப்படும். சீட்டு அட்டவணையில் வண்டியின் பெயரை எழுதாமல் வண்டியின் திறவுகோலை மட்டும் எழுதுவது இவ்வகை. வண்டி எண்ணும் மாறக்கூடியது என்பதை 2010 காட்டிவிட்டதால், 1, 2, 3 எனப் பொருளற்ற வரிசை எண்ணைத் திறவுகோலாக வைப்பதே நன்று.

படுக்கை எண்ணை எங்கே எழுதுவது? மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஆள் அட்டவணையில் எழுதினால், சென்ற ஆண்டு கீழ்ப்படுக்கையில் சென்றவர் இவ்வாண்டு மேல்படுக்கையில் செல்லும்போது பழைய எண் அழிந்துவிடும். சீட்டு அட்டவணையில் எழுதினால், ஒரு சீட்டில் ஆறு பேர் வரை செல்லலாமே, யாருடைய எண்ணை எழுதுவது? படுக்கை எண் ஆளைப் பற்றியதுமன்று, சீட்டைப் பற்றியதுமன்று. ‘இந்த ஆள் இந்தச் சீட்டில்’ என்ற இணைப்பைப் பற்றியது. ஆகவே அந்த இணைப்பிற்கே ஓர் அட்டவணை வேண்டும். அதன் ஒவ்வொரு நிரையிலும் ஆளின் எண், சீட்டின் எண், பெட்டி, படுக்கை ஆகியவை இருக்கும். ஒருவர் பல சீட்டுகளில் செல்வார். ஒரு சீட்டில் பலர் செல்வர். இத்தகைய இடங்களில் எல்லாம் நடுவில் ஓர் அட்டவணை தோன்றியே தீரும்.

வயதும் சிறிது ஏமாற்றும். பதினொன்று என்று எழுதி வைத்தால் அந்தச் சிறுமி என்றும் பதினொரு வயதிலேயே நிற்பாள். ஆண்டுதோறும் யாராவது திருத்த வேண்டும். பிறந்த நாளை எழுதி வைத்தால் பயண நாளன்று வயது என்ன என்பதைக் கணினியே கூறிவிடும்.

எஞ்சி நிற்பது பெயர். எளிதென்று தோன்றும் இந்நிரலில்தான் தில்லித் தமிழர் மிகுதியும் துன்புறுகின்றனர். தில்லியில் பல படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களைக் கொண்டிருக்கும். வரைந்தவர் தம்மைச் சூழ்ந்தோரின் வழக்கத்தையே எல்லோரின் வழக்கமாகக் கொண்டுவிட்டார். தமிழரிடையே பரவலாக உள்ள முறை வேறு: தந்தை பெயரின் முதலெழுத்து, அதன்பின் இயற்பெயர். இராமசாமியின் மகள் இரா. கவிதா என்று வைத்துக்கொள்வோம். குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால் இணையப் படிவம் மேலே செல்ல மறுக்கும். வேறு வழியின்றி வீட்டார் இராமசாமி என்று நிரப்புவர். அன்று முதல் அவள் பெயர் கவிதா இராமசாமி. சில இடங்களில் இராமசாமி மட்டுமே. மற்றொரு படிவத்தில் கவிதா ஆர், இன்னொன்றில் ஆர். கவிதா. எழுத்துகளை ஒப்பிட மட்டும் தெரிந்த கணினிக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு பெயரும் இருப்பதால் உறுதிமொழிப் பத்திரத்துடன் அலுவலகம் அலுவலகமாக நடக்கும் பெற்றோர் இந்நகரில் பலர். இத்தனைக்கும் காரணம் யாரோ ஒருவர் தவறாக வரைந்த ஒரு நிரல்.

தமிழரின் தலைப்பெழுத்தை உற்று நோக்கினால் அதுவும் ஓர் அயல் திறவுகோல் போன்றதே என்பது விளங்கும். ‘இரா.’ என்பது கவிதாவைப் பற்றிய செய்தியன்று. அவள் தந்தையின் நிரையை நோக்கி நீளும் சுட்டு. ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த காலத்தில் அந்தச் சுட்டுக்கு ஓரெழுத்து போதுமாயிருந்தது. இராமசாமி, இராசேந்திரன், இராகவன் ஆகிய மூவருக்கும் அதே தலைப்பெழுத்து வருவதால் கணினிக்கு அது போதாது.

ஆகவே ஆள் அட்டவணையில் அவரவர் எழுதும் வடிவிலேயே முழுப்பெயருக்கு ஒரு நிரல், அழைக்கும் பெயருக்கு மற்றொரு நிரல் வைத்தால் போதும். தந்தை யார் என்பதைப் பெயருக்குள் திணிக்காமல், ஓர் ஆளின் எண்ணையும் மற்றோர் ஆளின் எண்ணையும் இணைக்கும் தனி அட்டவணையில் எழுதலாம். தாயின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இன்று உள்ளனர். அவர்களுக்கும் அதில் இடமுண்டு. அம்மாவின் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரும், தாத்தாவுக்கு வேறொரு தலைப்பெழுத்தும் இருக்கும் வீட்டில், ‘குடும்பப்பெயர் ஒன்றானால் குடும்பம் ஒன்று’ என்று அமைப்பவர் ஒரே வீட்டாரை மூன்று வீட்டாராக்கிவிடுவார்.

கட்டம் வெறுமையாக இருப்பதும் குறையன்று. தரவுத்தளம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று காட் 1985இல் வெளியிட்ட விதிகளில், இல்லாத செய்தியை ‘இல்லாதது’ என்றே முறையாகக் குறிக்க வேண்டும் என்பதும் ஒன்று. புள்ளியோ, கோடோ, இருமுறை எழுதிய பெயரோ அதற்கு ஈடாகா. ஆதார்ப் பதிவுப் படிவத்தில் முழுப்பெயருக்கு ஒரே கட்டம்தான் உள்ளது. இந்தியக் கடவுச்சீட்டிற்கு விண்ணப்பிக்கும்போது பெயர் முழுவதையும் இயற்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு, குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம்.