காதிரைச்சலும் ஒலி யந்திரமும்

வெளியே ஓசை ஏதுமின்றிக் காதினுள் ஓயாது இரைச்சல் கேட்பது பெருந்துன்பமாகும். பிறர் கண்ணுக்குப் புலப்படாத நோயாதலின், வீட்டாரும் இதனை வீண் பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். ஆயினும் இது பிரமையன்று. பெரும்பாலும் உட்செவி பழுதுற்றுக் கேள்வி குன்றும்போது, அக்குறையை ஈடுசெய்ய மூளை தன் கூர்மையை மிகுத்துக்கொள்வதே இதற்குக் காரணம் என்பர் அறிஞர்.

1970-களில் அமெரிக்க தேசத்துப் போர்ட்லண்டு நகரில், நோயாளி ஒருவர் நீரூற்றின் அருகே நின்றபோது, நீரின் ஓசையில் அவரது காதிரைச்சல் மறைந்தது. உடனிருந்த ஆராய்ச்சியாளர் ஜாக் வெர்னன், அதிலிருந்தே காதில் அணியும் ஒலி யந்திரத்திற்கு வழி கண்டார். பின்னர் வந்த ஜாஸ்ட்ரெபாஃப், இரைச்சலை மூழ்கடிப்பதைவிட, மெல்லொலியாலும் அறிவுரையாலும் மூளை அதனைப் பொருட்படுத்தாதிருக்கப் பழக்குவதே நன்று என்றார்.

இவற்றால் நோய் தீருமா? 2018-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு, இந்த யந்திரங்கள் போலிச் சிகிச்சையினும் மேலானவை என்பதற்குச் சான்று காணவில்லை. ஆகவே, நோயை வேரறுப்பதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பொருளை இழத்தல் தகாது. யந்திரம் ஊன்றுகோலேயன்றி மருந்தன்று. முதலில் வைத்தியரிடம் செவியைச் சோதித்தறிக. கேள்விக் குறைவுடையார்க்குச் செவித்துணைக் கருவியே இரைச்சலையும் தணிக்கக்கூடும். இரவின் நிசப்தத்தில் வருந்துவோர்க்கு மின்விசிறியின் ஓசையும் ஆறுதல் தரும். அதற்குத் தனியே விலையில்லை.