அன்னைக்கு ஒரு நாள்

ஈன்று புறந்தந்த அன்னையைப் போற்றும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. போற்றும் முறைதான் நாட்டுக்கு நாடு வேறுபடும். இக்காலத்தில் மே மாதம் பிறந்தவுடன் அமெரிக்க நாட்டுக் கடைகளில் பஞ்சடைத்த கரடிப் பொம்மைகள் வந்து நிறைகின்றன. வேண்டுவோர்க்குப் பொம்மையின் மீது அன்னையின் பெயரையும் நூலால் பின்னித் தருவர். இப்பரிசுக்குக் காரணமான நாள் தோன்றிய வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

அதற்கு முன்னரே இங்கிலாந்தில் ‘அன்னை ஞாயிறு’ என்னும் வழக்கம் இருந்தது. ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறே அந்நாள். செல்வர் இல்லங்களில் ஏவல் புரிந்த சிறுவரும் சிறுமியரும் அன்று விடுப்புப் பெற்றுத் தாயைக் காணச் செல்வர். போகும் வழியில் பூத்திருக்கும் வயலட் மலர்களைக் கொய்து சென்று அன்னையின் கையில் கொடுப்பர். அம்மலர்கள் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. ஆயினும், பிரிந்திருந்த தாய்க்கு அவை பெருஞ்செல்வமாகத் தோன்றின.

அமெரிக்காவில் அன்னையைப் போற்றும் நாள் ஒரு மகளின் முயற்சியால் எழுந்தது. இன்று மேற்கு வர்ஜீனியா எனப்படும் பகுதியில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்னும் அம்மையார் வாழ்ந்தார். அவர் ஈன்ற மக்களுள் நால்வர் ஒழிய ஏனையோர் வளர்ந்து ஆளாகுமுன் இறந்தனர். அம்மையார் அழுது அமைந்துவிடவில்லை. ஊர்த் தாய்மாரை ஒன்று சேர்த்துச் சங்கங்கள் நிறுவினார். அவை இல்லந்தோறும் தூய்மையை வலியுறுத்தின, பாலைச் சோதித்தன, நோயுற்ற ஏழையர்க்கு மருந்து வாங்கப் பொருள் திரட்டின. 1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, இச்சங்கத்தார் இரு படையினர்க்கும் வேறுபாடின்றிப் பணிவிடை செய்தனர்.

அவ்வம்மையார் 1905ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் காலமானார். அவர்தம் மகள் அன்னா ஜார்விஸ், தாயின் நினைவு நிலைபெறுதல் வேண்டும் என்று உறுதி பூண்டார். 1908ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், கிராப்டன் நகரத் தேவாலயத்தில் சிறப்பு வழிபாடு நடைபெற்றது. தாய் விரும்பிய வெண்ணிறக் கார்னேஷன் மலர்கள் 500ஐ அன்னா அங்கு அனுப்பிவைத்தார். பின்னர்த் தலைவர்கள் பலர்க்கும் இடைவிடாது மடல்கள் எழுதினார். அதன் பயனாக, மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்னைக்குரிய நாள் என 1914ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அறிவித்தார்.

தமிழில் நாம் ‘அன்னையர் தினம்’ எனப் பன்மையில் வழங்குகிறோம். அன்னாவோ ஆங்கிலப் பெயரை ஒருமையில் அமைத்தார். உலகத் தாய்மாரைப் பொதுவாகப் புகழ்தல் அவர் நோக்கம் அன்று. ஒவ்வொருவரும் தம்மைப் பெற்ற ஒருத்தியை நினைத்தலே அவர் வேண்டியது.

ஆனால், சில ஆண்டுகளில் அந்நாள் வணிகர்க்கு ஊதியம் தரும் நாளாயிற்று. பூவின் விலை ஏறியது. இனிப்புப் பெட்டிகளும் அச்சிட்ட வாழ்த்தட்டைகளும் பெருகின. இதுகண்டு மனம் வெதும்பிய அன்னா, தாம் தோற்றுவித்த நாளின் வணிகத்தைத் தாமே எதிர்த்துப் போராடினார். அப்போராட்டத்தில் தம் பொருளையும் செலவிட்டார். அச்சிட்ட அட்டையினும் தம் கைப்பட எழுதிய மடலே மேலானது என்பது அவர் கொள்கை. 1948ஆம் ஆண்டில் அவர் இறந்தபோதும் வணிகம் குறைந்தபாடில்லை.

பெயர் பின்னிய பொம்மையைப் பரிசளித்தல் தவறன்று. ஒருத்தியின் பெயரைத் தாங்கியிருப்பதால் அது அன்னாவின் கருத்துக்குச் சற்று அணுக்கமானது என்றும் கூறலாம். ஆயினும், கடையில் பொம்மையின் மீது எவர் பெயரையும் பின்னித் தருவர். அன்னை நமக்காக விழித்திருந்த இரவுகளை நாமே அறிவோம். அவற்றை நினைந்து நம் கையால் நான்கு வரி எழுதி அப்பொம்மையோடு வைப்போமாயின், அப்போதே அது நம் அன்னைக்கு மட்டும் உரிய பரிசாகும்.