கூட்டத்தில் நம்மவர் யார்?

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? திருவண்ணாமலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள ஊர் இது. அன்றிரவு ஒலிபெருக்கியும் கடைக்காரர் கூவலும் ‘அரோகரா’ முழக்கமும் கலந்து காதை அடைக்கும். நடப்பவர்களோ முகம் சுளிப்பதில்லை. முன்பின் அறியாத ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், நான்கு பேர் தண்ணீரை நீட்டுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் நாளில் எனக்கு அடுத்த வீட்டு ரேடியோகூடப் பொறுக்காது!

ஒலியின் அளவை டெசிபெல்லில் அளக்கிறோம். அளக்கும் கருவிக்குப் பக்தரும் ஒன்றுதான், விடைத்தாள் திருத்துபவரும் ஒன்றுதான். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

அலகாபாத் மாக மேளாவுக்கு வந்தவர்களிடம் இந்திய, பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். இன்னதென்று தெளிவாகத் தெரியாத ஓர் இரைச்சலை ஒலிக்கச் செய்தனர். அது மேளாவின் ஓசை என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது இதமாக இருந்தது; நகரத் தெருவின் ஓசை என்று சொல்லப்பட்டவர்களுக்கு அவ்வளவு இதமாக இல்லை. ‘இது நம்முடையது’ என்ற எண்ணம் கேட்கும் அனுபவத்தையே மாற்றிவிடுகிறது.

இந்த எண்ணம் உண்டாக எவ்வளவு காரணம் வேண்டும்? மிகக் கொஞ்சம் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹென்றி டாஜ்ஃபெல் ஒரே பள்ளியைச் சேர்ந்த, 14, 15 வயதுள்ள 64 மாணவர்களுக்குத் திரையில் புள்ளிகளைக் காட்டி, எத்தனை என்று கேட்டார். பிறகு ‘கூடுதலாக மதிப்பிட்டவர்’, ‘குறைவாக மதிப்பிட்டவர்’ என்று இரு குழுக்களாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவு கண்ணை மூடிக்கொண்டு செய்தது. மாணவர்களுக்கு அது தெரியாது. அடுத்து, மற்ற இருவருக்குச் சிறு தொகையைப் பங்கிடச் சொன்னார். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ள வழியில்லை. இருந்தும் பெரும்பாலோர் தம் குழுவினருக்கே அதிகம் கொடுத்தனர்.

அடுத்த சோதனைதான் என்னை உலுக்கியது. பங்கீட்டு வரிசையின் ஒரு கோடியில் ‘நம்மவருக்கு 19, அவருக்கு 25’; மறுகோடியில் ‘நம்மவருக்கு 7, அவருக்கு 1’. எல்லோரும் இரண்டாவது கோடிக்கே ஓடிவிடவில்லை. ஆனால் சாய்வு அந்தப் பக்கம்தான்! நம்மவர் பெறுவது குறைந்தாலும், அவரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டுமாம். இக்கட்டுரை 1970இல் வெளிவந்தது.

ஒரே மனிதர் பல குழுக்களில் இருக்கிறார். எந்த அடையாளம் எப்போது தலைதூக்கும் என்பதைச் சூழ்நிலை தீர்மானிக்கிறது. கிரிவலப் பாதையில் முன்னே நடப்பவரின் சாதியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதே மாவட்டத்தின் தென்முடியனூரிலோ, முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் செல்ல முடியாதிருந்தது. கடைசியில், 2023 ஜனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட்டனர். சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததோ 1947இல்!

குழுப் பகையைத் தணிக்க வழி உண்டா? 1954இல் அமெரிக்காவில் முசாஃபர் ஷெரீஃப் ஒரு முகாமில் சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டியிட வைத்தார், பகை மூண்டது. ஒரே கூடத்தில் சாப்பிட வைத்தும் அது தணியவில்லை. முகாமின் குடிநீர் நின்றுபோனபோது சேர்ந்து உழைத்தார்கள். இப்படிப் பல வேலைகளுக்குப் பிறகே நெருங்கினார்கள்.

ஆனால் அந்த இரு அணிகளும் சமமானவை. தென்முடியனூரில் அப்படியில்லை, உள்ளே விடுவதா, வேண்டாமா என்ற முடிவு ஒரு பக்கத்தாரின் கையில்தான் இருந்தது. முகாமில் கண்ட தீர்வை அங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. அங்கு கதவைத் திறந்தது சட்டமும் மாவட்ட நிர்வாகமும்தான்.