நெய்மாரின் முட்டியும் நம்ம பையன் முட்டியும்

2023 ஆகஸ்ட் 24-ஆம் தேதி கோலாலம்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் குலுக்கல் நடந்தது. நம்ம ஊர்க் கிளப்பான மும்பை சிட்டி விழுந்த அதே பிரிவில் சவுதியின் அல் ஹிலாலும் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் நெய்மார் பாரிஸை விட்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். விலை ஏறக்குறைய 90 மில்லியன் யூரோ; நம் கணக்கில் 800 கோடி ரூபாய்க்குக் கிட்டத்தில். செய்தி தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து செம்பூர் செட்டா நகர் வரை வாட்ஸ்அப்பில் ஓடியது. நெய்மார் மும்பைக்கு ஆட வருகிறார்! கிரிக்கெட்டுக்கு மட்டுமே கூடுகிற ஊர், ஃபுட்பால் டிக்கெட் எப்போது கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தது.

அல் ஹிலால் சொன்னபடி வந்தது. நவம்பர் 6, திங்கட்கிழமை, நெருல் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். செம்பூர்க்காரர்களுக்கு ஹார்பர் லைனில் நேர் வண்டி. சுமார் முப்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க, வந்தவர்கள் 2-0 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். நெய்மார் மட்டும் வரவில்லை. மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 17 அன்று, மான்டிவிடியோவில் உருகுவேயை எதிர்த்துப் பிரேசிலுக்காக ஆடியபோது அவருடைய இடது முழங்கால் முறுக்கிக்கொண்டது. உள்ளே இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துபோனது. ஒரு வருஷம் கழித்துத் திரும்பினார், மறுபடி காயம், 2025 ஜனவரியில் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டு சான்டோஸுக்குப் போய்விட்டார். அல் ஹிலாலுக்கு ஆடியது மொத்தம் 7 ஆட்டம். அடித்தது ஒரே ஒரு கோல்.

இந்தக் கட்டுரைக்குப் பத்திரிகை ஆசிரியர் கேட்டது நட்சத்திரங்கள், அவர்களுக்குள் இருக்கும் போட்டி, பெரிய விலைக்கு வாங்கிச் சொதப்பிய கதைகள். நல்ல சரக்குத்தான், விற்கும். ஆனால் பட்டியல் போட உட்கார்ந்தால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் உடம்பின் ஏதோ ஒரு பாகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹஸார்ட் என்றால் கணுக்கால். 2019-ல் செல்ஸியிலிருந்து ரியல் மாட்ரிட்டுக்கு 100 மில்லியன் யூரோ அளவில் போனவர், நான்கு வருஷத்தில் 76 ஆட்டம் ஆடி 7 கோல் அடித்து, 32 வயதில் ஓய்வு பெற்றார். பிரேசிலின் பழைய ரொனால்டோ என்றால் முட்டி. 1997-ல் உலக சாதனை விலைக்கு இன்டர் மிலானுக்குப் போனார். 1999-ல் முட்டிக்கு அறுவை சிகிச்சை. 2000 ஏப்ரலில் திரும்பி வந்து களத்தில் இறங்கிய சில நிமிடங்களிலேயே, யாரும் தொடாமல், தானே சுருண்டு விழுந்தார். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்தது வேறு கதை. அவரை வாங்கின கிளப் அனுபவித்தது குறைவுதான்.

நம் நாட்டு உதாரணம் சந்தேஷ் ஜிங்கன். 2019 அக்டோபரில் ஏசிஎல் போய் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். தேறி வந்து, 2021 ஆகஸ்டில் குரோவேஷியாவின் ஷிபெனிக் கிளப்பில் சேர்ந்தபோது இந்திய ஃபுட்பாலே நிமிர்ந்து பார்த்தது. போன சூட்டோடு பயிற்சியில் காயம். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் கொல்கத்தாவுக்கே திரும்பினார்.

எல்லா டிரான்ஸ்ஃபரும் காயத்தால்தான் கெடுகிறது என்று சொன்னால் அடிக்க வருவார்கள். பயிற்சியாளருக்கும் வீரருக்கும் ஒத்துப்போகாதது, மொழி, தட்பவெப்பம், பணம் வந்த பிறகு வரும் மிதப்பு, இப்படி ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

பெயரோடு உடம்பையும் பார்த்து வாங்க வேண்டும் என்ற பாடத்தை மும்பை சொந்தச் செலவில் படித்த ஊர். 2014-ல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஒவ்வொரு அணிக்கும் ஒரு உலகப் பெயர் வேண்டியிருந்தது. டெல்லிக்கு டெல் பியரோ, புனேவுக்கு ட்ரெஸகே, கோவாவுக்கு பிரெஸ். மும்பைக்கு ஸ்வீடனின் ஃப்ரெடி லுங்பெர்க். ஆர்செனல் லீகில் தோல்வியே காணாத 2003-04 சீசனில் ஆடிய மனிதர். மும்பைக்கு வரும்போது வயது 37. காயத்தோடு மல்லுக்கட்டி 4 ஆட்டம் ஆடினார், கோல் இல்லை, அதோடு பூட்ஸைக் கழற்றிவிட்டார். கூடவே வந்த அனெல்கா 7 ஆட்டத்தில் 2 கோல். எட்டு அணியில் மும்பை ஏழாவது இடம். டெல் பியரோ 10 ஆட்டத்தில் ஒரு கோல், பிரெஸ் 8 ஆட்டத்தில் ஒரு கோல். விதிவிலக்கு சென்னையின் எலானோ. 8 கோல் அடித்து அந்த வருஷத்தின் கோல் மன்னன் ஆனார். நம்மவர்கள் அதை இன்னமும் சொல்லிக் காட்டுவார்கள், சொல்லட்டும்.

அடுத்த வருஷம் ஏலத்தில் சுனில் சேத்ரியை 1.2 கோடிக்கு மும்பை எடுத்தது. அவர் குறை வைக்கவில்லை, ஹாட்ரிக் உள்பட 7 கோல். அணிதான் ஆறாவது. 2016-ல் டியகோ ஃபோர்லானும் 37 வயதில்தான் வந்தார். 5 கோல் அடித்து, லீகில் அணி முதலிடம் பிடிக்க ஒரு காரணமாக இருந்தார். வயது ஒன்றும் குற்றம் இல்லை, வந்தவரின் கால்கள் எந்த நிலையில் வந்தன என்பதுதான் கேள்வி. மும்பை சிட்டி பிறகு கோப்பைகள் ஜெயித்தது 2021-லும் 2024-லும். அப்போது போஸ்டரில் ஒட்ட உலகப் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. 2021 இறுதியாட்டத்தில் 90-வது நிமிடம் கோல் போட்டது மணிப்பூரின் பிபின் சிங். 2022 ஏப்ரலில் ரியாத்தில், ஆசிய சாம்பியன்ஸ் லீகில் ஒரு இந்தியக் கிளப்பின் முதல் வெற்றியைத் தலையால் முட்டித் தந்தது ராகுல் பேகே. அவர் மும்பையிலேயே பிறந்து இங்குள்ள அணிகளில் ஆடி வளர்ந்தவர்.

மெஸ்ஸியா ரொனால்டோவா சண்டையைத் தொடாமல் போனால் தாராவிப் பையன்கள் மன்னிக்க மாட்டார்கள். நீலம், வெள்ளை ஜெர்ஸி ஒரு சந்து, சிவப்பு ஜெர்ஸி அடுத்த சந்து. இதே நகரத்தில், 1891-ல் தொடங்கிய ரோவர்ஸ் கப் நடந்த காலத்தில், கூப்பரேஜ் மைதானத்துக்கு ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் நேரில் வந்து முட்டிக்கொள்ளும். அந்தக் கோப்பை இரண்டாயிரத்தைத் தாண்டியதும் நின்றுபோயிற்று. இப்போது சண்டை முழுக்கத் திரையில். நேரில் வரும் என்று காத்திருந்தால் நெய்மார் கதைதான். 2025 அக்டோபரில் ரொனால்டோவின் அல் நஸர் கோவாவுக்கு வந்தது, ரொனால்டோ வரவில்லை. ஃபதோர்தா ஸ்டேடியத்தில் கோவா போராடி 1-2 என்று தோற்றது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நெய்மாருக்கு அறுந்த அதே ஏசிஎல்தான் செம்பூரில் ஆடுகிற பையனுக்கும் அறுகிறது. ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது, பெரும்பாலும் எதிராளி தொடாமலேயே போகும். ‘டப்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கும். இந்த இடத்தோடு இரண்டு பேருடைய ஒற்றுமையும் முடிந்தது.

நெய்மார் தரப்பைப் பாருங்கள். 2012 முதல் ஃபிஃபாவிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தேசிய அணிக்காக ஆடும்போது வீரர் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், அவருக்குச் சம்பளம் கொடுக்கிற கிளப்புக்கு ஃபிஃபா ஈடு செய்யும். உச்சவரம்பு நாளொன்றுக்கு 20,548 யூரோ, ஒரு காயத்துக்கு 75 லட்சம் யூரோ வரை. நாளொன்றுக்கு 18, 20 லட்சம் ரூபாய்! வீரருக்குச் சம்பளம் நிற்காது, சிறந்த மருத்துவர், சொந்த பிசியோ, நீச்சல்குளப் பயிற்சி, எதற்கும் குறைவில்லை. அத்தனையும் இருந்தே அவருக்கு ஒரு வருஷம் ஆனது, திரும்பி வந்தும் நிலைக்கவில்லை.

நம்ம பையன் தரப்பு வேறு. வீங்கிய முட்டிக்கு முதலில் எண்ணெய் போட்டு நீவுவார்கள். அப்புறம் யாராவது கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போவார்கள். பதினைந்து நாளில் வீக்கம் வடியும், நடக்க வரும். சரியாகிவிட்டது என்று மறுபடி இறங்குவான். முட்டி நழுவும், இந்தத் தடவை மெனிஸ்கஸ் என்ற ஜவ்வும் சேர்ந்து கிழியும். அதற்குப் பிறகுதான் எம்ஆர்ஐ. அறுவை சிகிச்சைக்குத் தனியாரில் ஒன்றரை, இரண்டு லட்சம் என்று பில் வரும். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, மாநகராட்சி ஆஸ்பத்திரி, செலவு குறைவு. ஆனால் ஏசிஎல் விஷயத்தில் கத்தி வேலை பாதிதான். தொடையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ நார் எடுத்து வைத்துத் தைத்த பிறகு, குறைந்தது ஒன்பது மாதம் தினமும் பயிற்சி செய்தால்தான் களத்துக்குத் திரும்ப முடியும். அவசரப்பட்டவர்களுக்கு மறுபடி கிழிகிறது. பதினெட்டு வயதில் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்து வீட்டுக்குப் பணம் தருகிறவன் ஒன்பது மாதத்துக்கு எங்கே போவான்? தாராவி வீடுகளில் மேல்மாடிக்குப் போவது செங்குத்தான இரும்பு ஏணியில். ஆபரேஷன் செய்த காலோடு ஏறிப் பார்த்தால் தெரியும்.

ஒரு காலத்தில் மும்பையில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஃபுட்பால் ஆடத் தெரிந்தால் வேலை. டாடா, மஃபத்லால், ஆர்க்கே மில்ஸ், மஹிந்திரா, ஏர் இந்தியா, ரயில்வே, செம்பூரில் ஆர்சிஎஃப் என்று கம்பெனி அணிகள். ஆடுகிறவன் ஊழியன். கால் போனால் ஆட்டம் போகும், சம்பளம் போகாது, வைத்தியச் செலவுக்கும் கம்பெனியில் கேட்க வழி உண்டு. 2005-06 தேசிய லீகை வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. 2007-ல் பிறந்த மும்பை எஃப்சி பத்து வருஷத்தில் மறைந்தது. இதே மஹிந்திரா, ஏர் இந்தியா அணிகளில் ஆடிய காலித் ஜமீலை எடுத்துக்கொள்ளுங்கள். காயங்கள் ஆட்டத்தைப் பறித்தன. 2009-ல் மும்பை எஃப்சிக்குப் பயிற்சியாளர் ஆனார், 2017-ல் ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார், 2025-ல் இந்திய அணிக்கே பயிற்சியாளர். அவருக்கு ஆட்டம் போன இடத்தில் இன்னொரு கதவு இருந்தது. இன்று பெரிய கிளப்பில் ஒப்பந்தம் இருக்கிறவனைக் கிளப் பார்த்துக்கொள்ளும். மாவட்ட லீகின் கீழ் டிவிஷனில் ஆடுகிறவனை அவன் அப்பாதான் பார்க்க வேண்டும்.

இவர்களைவிடப் பெரிய கூட்டம் எந்த லீகிலும் ஆடாதவர்கள். மாடுங்கா, செம்பூர்ப் பக்கம் வலை கட்டிய டர்ஃப்கள் முளைத்திருக்கின்றன. மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாடகை, ஆளுக்கு நூறோ இருநூறோ பங்கு. காசு கொடுத்தது ஒரு மணி நேரத்துக்கு, எனவே வார்ம்-அப் செய்ய ஒரு நிமிடம்கூட யாரும் தர மாட்டார்கள். கேட்டைத் திறந்ததும் நேரே ஆட்டம். அடியில் சிமென்ட், மேலே பிளாஸ்டிக் புல், காலில் மண் தரைக்குச் செய்த ஸ்டட்ஸ். பாதம் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், நடுவில் முட்டி. செயற்கைப் புல்தான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் வார்ம்-அப் விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஃபிஃபா வகுத்த ‘லெவன் பிளஸ்’ என்ற பயிற்சிமுறை இருபது நிமிடம்தான், ஒரு கருவியும் வேண்டாம், ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. செலவே இல்லாத விஷயத்தைத்தான் நாம் செய்வதில்லை.

முட்டியோடு நிற்காத சம்பவமும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரு ஃபெடரேஷன் கப் இறுதியாட்டத்தில் கோவாவின் டெம்போ கிளப்புக்காக இரண்டு கோலையும் அடித்த கிறிஸ்டியானோ ஜூனியர் அந்தக் களத்திலேயே விழுந்து இறந்தார். அந்த வருஷம்தான் ஈஸ்ட் பெங்காலிலிருந்து டெம்போவுக்கு மாறியிருந்தார். களத்தோரம் மருத்துவ ஏற்பாடு பற்றி அப்போது நாடு முழுக்கப் பேசினார்கள். பெரிய ஸ்டேடியங்களில் நிலைமை மாறியிருக்கிறது. நம் ஏரியா டோர்னமென்ட்டில் இன்னும் ஒரு ஐஸ் பெட்டி வைப்பதில்லை. ஆளுயரக் கோப்பை உண்டு, டிஜே உண்டு, பிரமுகருக்குச் சால்வை உண்டு.

ஆகவே மும்பைத் தமிழ்ச் சங்கங்களுக்கும், மன்றங்களுக்கும், அடுத்த பொங்கல் டோர்னமென்ட்டுக்கு நன்கொடைப் புத்தகத்தோடு கிளம்பப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோப்பையின் உயரத்தில் ஒரு அடி குறையுங்கள். அந்தக் காசில் ஆடுகிற எல்லோருக்கும் குரூப் விபத்து இன்சூரன்ஸ் போடுங்கள், விளையாட்டுக் காயம் அதில் அடங்குமா என்று கேட்டுப் போடுங்கள். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் வார்ம்-அப் செய்யாத அணியை இறக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒன்று: பையன் முட்டி முறுக்கி, அன்றைக்கே வீங்கினால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். ஐஸ் வையுங்கள், காலை ஊன்ற விடாதீர்கள், அடுத்த நாளே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.