லாரா பாமர் கொலையும் வீட்டு டெக்கும்

1990 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு புதிய தொடர் தொடங்கியது. கனடா எல்லையை ஒட்டிய வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மர அறுவை ஆலை ஊர். காலையில் மீன் பிடிக்கக் கிளம்பியவர், பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பெண்ணின் உடல் கரை ஒதுங்கியிருப்பதைப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்தின் செல்லப்பிள்ளையான லாரா பாமர். அவளைக் கொன்றது யார்? இந்தக் கேள்வியோடு தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தைச் சுமார் மூன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். இயக்குநர் டேவிட் லிஞ்சும் எழுத்தாளர் மார்க் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து உருவாக்கிய தொடர் இது.

தொலைக்காட்சியில் மர்மக் கதை அதற்கு முன்பும் இருந்தது. கொலையைத் தொடக்கத்திலேயே காட்டிவிட்டுப் பிடிபடும் விதத்தை ஒன்றரை மணி நேரம் இழுக்கும் 'கொலம்போ' எழுபதுகளிலேயே உலகப் புகழ். ஆனால் அந்த வழக்குகள் அன்றிரவே முடிந்துவிடும். ரசிகருக்கு வீட்டுப்பாடம் கிடையாது. 'ட்வின் பீக்ஸ்' ஒரே கொலையை மாதக்கணக்கில் இழுத்தது. கூடவே, அன்று பார்த்தவர்களில் பலரிடம் முந்தைய தலைமுறையிடம் இல்லாத ஒரு கருவி இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்த வி.சி.ஆர். நம் ஊரில் 'டெக்' என்று சொல்லி, கல்யாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் நாள் வாடகைக்கு எடுத்துவந்தோமே, அதேதான். 1990இல் மூன்றில் இரண்டு அமெரிக்க வீடுகளுக்கு மேல் அது சொந்தமாகவே இருந்தது.

தொடரின் நாயகன் எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர் (நடித்தவர் கைல் மெக்லாக்லன்) முதல் அத்தியாயத்திலேயே இந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று பாடம் நடத்திவிடுகிறார். லாராவும் அவள் தோழியும் மலையில் சிரித்து ஆடும் ஒரு வீடியோ அவர் கைக்குக் கிடைக்கிறது. ஓட்டுகிறார், நிறுத்துகிறார், லாராவின் முகத்தைப் பெரிதாக்குகிறார். அவள் கண்மணியில் ஒரு மோட்டார் சைக்கிளின் பிம்பம். ஆக, அன்று அவர்களோடு மூன்றாவதாக ஒருவன் இருந்திருக்கிறான். அவன் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவன். இறந்தவளின் விரல் நகத்துக்கடியில் செருகியிருந்த ஒற்றை எழுத்துத் துணுக்கை இடுக்கியால் எடுப்பதும் இதே அத்தியாயத்தில்தான். சின்னதைப் பார், நிறுத்திப் பார் என்று தொடரே சொல்லிக்கொடுத்தபின் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

நிறுத்திப் பார்ப்பது என்பது இன்று விரல் தட்டும் வேலை. காந்த நாடாவில் அது ஒரு பொறியியல் வித்தை. பாட்டுக் கேசட்டில் நாடா நேராக ஓடும், அதைப் படிக்கும் ஹெட் அசையாமல் நிற்கும். நாடாவை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். படத்துக்கு இந்த முறை ஒத்துவராது. ஒலியைவிடப் பல நூறு மடங்கு தகவல் படத்தில் இருப்பதால், நாடா ஹெட்டை நொடிக்குக் கிட்டத்தட்ட 6 மீட்டர் வேகத்தில் உரசிப் போக வேண்டும். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம் பதிவுசெய்ய 40 கிலோமீட்டருக்கு மேல் நாடா தேவைப்படும். அதை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது?

பொறியாளர்கள் ஹெட்டையே சுழலவிட்டார்கள். 1976இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வி.எச்.எஸ். கருவியில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோக உருளை இருக்கிறது. அமெரிக்க முறையில் அது நிமிடத்துக்கு 1,800 முறை சுழலும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஹெட்கள். அரை அங்குல அகல நாடா அந்த உருளையைச் சற்றுச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு நொடிக்கு வெறும் 3.3 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். நாடா ஊர்கிறது, ஹெட் பறக்கிறது. ஹெட் ஒவ்வொரு முறை உரசும்போதும் நாடாவின் மேல் சாய்வாக, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு விழும். படத்தின் பாதி அந்த ஒரு கோட்டில் அடங்கும். நொடிக்கு 60 கோடுகள். 40 கிலோமீட்டர் இப்படித்தான் 250 மீட்டருக்குள் சுருங்கியது.

பாஸ் பட்டனை அழுத்தினால் நாடா மட்டும் நிற்கும்; உருளை நிற்காது. ஹெட்கள் அந்த ஒரே இடத்தை நொடிக்கு 60 முறை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கும். அதுதான் திரையில் உறைந்த படம். இதில் இரண்டு தொல்லைகள். ஓடும் நாடாவில் எழுதிய கோட்டின் சாய்வும், நின்ற நாடாவில் ஹெட் போகும் பாதையின் சாய்வும் துல்லியமாகப் பொருந்தாது. ஹெட் பக்கத்துக் கோட்டுக்குள் கால் வைத்துவிடும். திரையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளாக ஒரு பட்டை வந்து, பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாக மறைக்கும். நான்கு ஹெட் உள்ள விலை கூடிய டெக்குகள் இதை ஓரளவு சரிசெய்தன. அடுத்தது தேய்மானம். ஒரே இடத்தை உரசிக்கொண்டே இருந்தால் நாடாவின் காந்தப் பூச்சு உதிரும். அதனால்தான் சில நிமிடங்களில் டெக் தானாகவே பாஸிலிருந்து விலகிக்கொள்ளும். துப்பறிகிறவருக்குக் கெடு!

அதனால் உண்மையான ரசிகரின் வாராந்தர வேலை பதிவுசெய்யும்போதே தொடங்கிவிடும். ஒரே கேசட்டில் 6 மணி நேரம் பிடிக்கும் மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுத்தால் காசு மிச்சம். ஆனால் கோடுகள் மூன்றில் ஒரு பங்காக மெலிந்து படம் மங்கிவிடும். கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தேடுகிறவருக்கு 2 மணி நேர வேகம்தான் சரி. பதிவு முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை ஸ்குரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் யாராவது அதன்மேல் கால்பந்து ஆட்டத்தைப் பதிவுசெய்துவிடுவார்கள். பல்லை உடைத்தபின் மனம் மாறினால், அந்தப் பள்ளத்தில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளலாம்.

இதெல்லாம் சட்டப்படி சரிதானா என்பதே அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சந்தேகம். வீட்டு டெக் விற்ற சோனி மீது பெரிய சினிமா நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவுசெய்வது தவறில்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் இந்தக் கேசட் கூட்டம் வேறு திசையில் போயிருக்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு நிறுத்திப் பார்த்ததில் என்ன கிடைத்தது? முதல் அத்தியாயத்தின் முடிவுக்கு வருவோம். மகளை இழந்த சாரா பாமர் (நடித்தவர் கிரேஸ் ஸாப்ரிஸ்கி) சோபாவில் படுத்திருக்கிறார். திடீரென்று எதையோ கண்டதுபோல் எழுந்து அலறுகிறார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி. படத்தை அங்கே நிறுத்தினால் கண்ணாடியின் ஓரத்தில் ஓர் ஆண் முகம் மங்கலாகத் தெரியும்.

அது ஃப்ராங்க் சில்வாவின் முகம். அவர் நடிகராக அங்கே வேலைக்கு வந்தவரல்ல. காட்சிக்கான மேசை நாற்காலிகளை நகர்த்தி அடுக்கும் கலைப் பிரிவுத் தொழிலாளி. லிஞ்ச் பலமுறை சொன்ன கதை இது. லாராவின் அறையில் சில்வா ஓர் அலமாரியைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தபோது, "பார்த்து, உன்னையே உள்ளே பூட்டிக்கொள்ளாதே" என்று யாரோ சொன்னது லிஞ்ச் காதில் விழுந்தது. அந்த ஆள் அந்த அறைக்குள் அடைந்து கிடப்பதுபோல் ஒரு காட்சி மனதில் ஓட, நடிப்பாயா என்று கேட்டு, கட்டில் காலருகே பதுங்கியிருக்கச் சொல்லிப் படம்பிடித்துவைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. அதன்பின் அம்மா அலறும் காட்சியை எடுத்தார்கள். கேமராக்காரர், படம் வீண், கண்ணாடியில் ஒருவர் தெரிகிறார் என்றார். யார் என்று கேட்டார் லிஞ்ச். ஃப்ராங்க் என்று பதில் வந்தது. மறுபடி எடுக்காமல் அதையே வைத்துக்கொண்டார். தொடரின் ஆணிவேரான பாப் என்ற கொடிய உரு பிறந்தது அப்படித்தான்.

பாஸ் பட்டனின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படத்திலேயே இருக்கிறது. திரையில் இருப்பதெல்லாம் யோசித்து வைத்தது என்று நம்பித்தான் ரசிகர் படத்தை நிறுத்துகிறார். கண்ணாடி முகமோ யோசித்து வைத்ததல்ல, பிசகு. பிறகு துப்பாக மாறிய பிசகு. தடயம் எது, தற்செயல் எது என்று கருவிக்குப் பிரிக்கத் தெரியாது. நல்லவேளையாக, அது லிஞ்சுக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

யோசித்து வைத்த புதிருக்கும் குறைவில்லை. சிவப்புத் திரைகள் தொங்கும் அறையில் கூப்பர் காணும் கனவு அதில் தலையாயது. சிவப்பு உடை அணிந்த குள்ள மனிதரும் லாராவைப் போன்ற ஒரு பெண்ணும் விசித்திரமான உச்சரிப்பில் பேசுவார்கள். நடிகர்கள் வசனத்தை ஒலி ஒலியாகப் பின்னிருந்து முன்னாகப் பேசினார்கள்; அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டினார்கள். தமிழில் செய்வதானால் 'மலர்' என்பதை 'ரலம்' என்று சொல்லிப் பதிவுசெய்து திருப்ப வேண்டும். சொல் புரியும், ஆனால் மனித வாயிலிருந்து வந்ததுபோல் இருக்காது. அசைவுகளையும்கூடப் பின்னோக்கியே செய்தார்கள். குள்ள மனிதராக நடித்த மைக்கேல் ஜே. ஆண்டர்சன் பள்ளிக்காலத்திலேயே விளையாட்டாக இப்படிப் பேசிப் பழகியவர் என்பதால் அவருக்கு இது கைவந்த கலை. ரசிகர்கள் இங்கே டெக்கிடம் ஏமாந்தார்கள். பின்னோக்கி ஓட்டினால் படம் வரும், ஒலி வராது.

கொலையாளி யார் என்பதை லிஞ்ச் சொல்லவே விரும்பவில்லை. தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது. கடைசியில் 1990 நவம்பர் 10 அன்று விடை வந்தது. ரகசியம் காக்க, அந்த அத்தியாயத்தின் கொலைக் காட்சியை வெவ்வேறு நடிகர்களை வைத்துத் தனித்தனியாக எடுத்தார்கள். படப்பிடிப்பில் இருந்தவர்களுக்கே எது ஒளிபரப்பாகும் என்று நிச்சயமில்லை. (அந்தப் பெயரை இங்கே எழுதுவது பாவம். பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.) விடை தெரிந்ததும் பார்வையாளர்கள் கலைந்தார்கள். 1991 தொடக்கத்தில் தொடரையே நிறுத்திவைத்தார்கள். ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்து மிச்ச அத்தியாயங்களை வரவழைத்தார்கள். ஜூன் 10 அன்று, 30 அத்தியாயங்களோடு, நாயகனை நடுக்கிணற்றில் விட்டுவிட்டுத் தொடர் முடிந்தது. சன் டி.வி.யில் 'மர்ம தேசம்' பார்த்து அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தவர்கள் அந்த ரசிகர்களின் வயிற்றெரிச்சலை எளிதில் புரிந்துகொள்வார்கள்.

தீவிர ரசிகர்கள் மட்டும் கலையவில்லை. இந்த ஒரு தொடருக்காகவே 1992இல் தொடங்கிய 'ராப்டு இன் பிளாஸ்டிக்' என்ற இதழ் 2005 வரை, 75 இதழ்கள் வந்தது. படப்பிடிப்பு நடந்த ஸ்னோக்வால்மி அருவிக்கும், கூப்பர் காபியும் செர்ரிப் பழ 'பை'யும் சாப்பிட்ட நார்த் பெண்ட் ஊர் உணவகத்துக்கும் இன்றும் ஆட்கள் போகிறார்கள். 1991இன் கடைசி அத்தியாயத்தில், 25 ஆண்டுகள் கழித்துச் சந்திப்போம் என்று லாரா கூப்பரிடம் சொல்வாள். 2017 மே மாதம், பழைய நடிகர்கள் பலரோடு, லிஞ்ச் இயக்கிய 18 புதிய அத்தியாயங்கள் வரத் தொடங்கின. ஃபுனாய் என்ற ஜப்பானிய நிறுவனம் உலகின் கடைசி வி.சி.ஆர். உற்பத்தியை நிறுத்தியது அதற்கு முந்தைய ஆண்டு, 2016 ஜூலையில்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முதல் அத்தியாயத்துக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. ஐரோப்பாவில் தனிப் படமாக விற்பதற்காக, வழக்கை அவசரமாக முடித்துவைக்கும் ஒரு பின்பகுதியைச் சேர்த்தார்கள். சிவப்பு அறையை முதலில் படம்பிடித்ததே இதற்காகத்தான். அதைப் பார்த்துவிட்டுத் தொடருக்குள் போனால் எல்லாம் குழம்பிவிடும். ஒன்றரை மணி நேரம் ஓடுவது அமெரிக்கப் பதிப்பு. ஐரோப்பியப் பதிப்பு அதைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். சிறியதையே பாருங்கள்.