புத்தம் புதிதா, சற்றே பாவித்ததா?

காணி வாங்கும்போது உறுதியைப் பார்க்கிறோம். மணம் பேசும்போது சாதகத்தைப் பார்க்கிறோம். கார் வாங்கும்போது மட்டும் நம்மவரிற் பெரும்பாலோர் நிறத்தைப் பார்க்கின்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பணிக்கொடையும், கடல் கடந்து வாழும் மகன் அனுப்பிய பணமும், லீசிங் கம்பனியிற் பெற்ற கடனும் ஒன்று திரண்டுதான் வீட்டு முற்றத்தில் ஒரு வண்டியாக வந்து நிற்கின்றன. ஆதலால், "புதிய கார் வாங்குவதா, சற்றே பாவித்ததை வாங்குவதா?" என்னும் வினா வெறும் விருப்பு வெறுப்பைப் பற்றியதன்று, ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைப் பற்றியது. அதை ஆற அமர இருந்து ஆராய்வது தகும்.

முதலில் 'புதியது' என்னும் சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் அச்சொல் மூவகை வண்டிகளுக்கு வழங்குகிறது. உற்பத்தியாளரின் உள்ளூர் முகவர் விற்கும் புத்தம் புதிய வண்டி ஒன்று. யப்பானிலே சிறிது காலம் ஓடிய பின் கப்பலேறி வந்து, இங்கே இன்னும் பதிவு செய்யப்படாதது இரண்டாவது. இதனையே 'றீகண்டிஷன்' வண்டி என்பர். இங்கே பதிவாகி, ஒருவர் ஓரிரு ஆண்டுகள் ஓட்டிய பின் விற்பது மூன்றாவது. முதலாவதற்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் விற்பவரின் வாக்குறுதியே உண்டு. மூன்றாவதற்கு அதன் வரலாறே சாட்சி.

மேலை நாடுகளில் ஒரு புதிய காரை இன்று வாங்கி நாளை விற்கப் புறப்பட்டால், கொடுத்த விலையில் ஒரு பகுதி காணாமற் போய்விடும். ஒரு நாளில் எஞ்சினும் தேயவில்லை, ரயரும் தேயவில்லை. பின் தேய்ந்தது எது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'எலுமிச்சைகளின் சந்தை' என்பது. பழுதுள்ள காரை 'எலுமிச்சை' என்றழைப்பது அமெரிக்கப் பேச்சு வழக்கு. அவர் கருத்தை நம் நாட்டு நாணயத்தில் வைத்துச் சொல்வோம். ஒரு சந்தையில் பத்துக் கார்கள் நிற்கின்றன. ஐந்து நல்லவை, ஒவ்வொன்றும் ஐம்பது இலட்சம் பெறும். ஐந்து பழுதுடையவை, முப்பது இலட்சந்தான் பெறும். எது எதுவென விற்பவன் அறிவான், வாங்குபவன் அறியான். அறியாதவன் இரண்டுக்கும் இடைப்பட்ட நாற்பது இலட்சத்துக்கு மேல் கொடுக்கத் துணியமாட்டான். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரன் விற்பானா? தன் வண்டியைத் தானே வைத்துக்கொள்வான். எஞ்சி நிற்பவை பழுதுடையவையே. அதையுணர்ந்த வாங்குபவன் விலையை மேலும் குறைப்பான்.

ஆக, தேய்ந்தது இரும்பன்று, நம்பிக்கையே. "நல்ல காராயின் இவன் ஏன் இவ்வளவு விரைவில் விற்கிறான்?" என்னும் ஐயமே விலையை வீழ்த்துகிறது. இந்த ஆராய்ச்சிக்காக அக்கர்லொவ் 2001ஆம் ஆண்டு, மைக்கல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்ரிக்லிற்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நமக்கு இதிலுள்ள பாடம் எளியது. ஐயத்துக்காக விலை குறைந்த வண்டியில், அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளக்கூடியவனுக்கு இலாபம் உண்டு. தீர்த்துக்கொள்ளாதவனுக்கு எலுமிச்சையே மிஞ்சும்.

யப்பானிய வண்டிகளில் இந்த ஐயத்தைத் தீர்க்கச் சில வழிகள் உள. அங்கே புதிய தனியார் கார் மூன்று ஆண்டு முடிவிலும், அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனைக்கு உட்பட வேண்டும். செலவு மிகுந்த அச்சோதனையை எதிர்கொள்ளாமல் வண்டியை மாற்றிவிடுவோர் பலர். எனவே ஒருவன் நல்ல காரை விற்பதற்கு நியாயமான காரணம் அங்கே இருக்கிறது. அவை ஏல நிலையங்களுக்கு வரும்போது, பரிசோதகர் ஒவ்வொன்றுக்கும் தரப்புள்ளியிட்டு ஓர் ஏலத்தாள் எழுதுவர். நாலரைப் புள்ளி பெற்றது மிக நல்லது, நான்கு நல்லது, மூன்றரை சில குறைகளுடையது, 'ஆர்' என்னும் எழுத்து இருப்பின் விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்டது. ஓடிய கிலோமீற்றரும், கீறலும் நெளிவும் உள்ள இடங்களும் அதிலே குறிக்கப்படும். விற்பவர் நீட்டும் பிரதியை மட்டும் நம்பாது, வண்டியின் சட்ட இலக்கத்தைக் கொண்டு ஏலப் பதிவைத் தனியே பெற்று ஒப்பிடுவதே அறிவுடைமை. கிலோமீற்றர் மானியைப் பின்னோக்கித் திருப்புவோரும், தாளைத் திருத்துவோரும் உலகில் இல்லாமலில்லை.

மேலை நாட்டுக் கணக்கை நம் நாட்டுக்கு அப்படியே பெயர்த்து நடவும் இயலாது. இங்கே காரின் விலையை எஞ்சினைக் காட்டிலும் அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தலே மிகுதியும் தீர்மானித்து வந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் வந்திறங்கிய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் பல பதிற்றாண்டுகள் நம் வீதிகளில் ஓடின. 1990இற்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வாராது தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம் சாரதிகள். அந்த வண்டிகளைக் காத்தது அவற்றின் வயதன்று. அவற்றைத் தொட்ட கைகளே.

அண்மைய வரலாறும் அவ்வாறே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில், பல ஆண்டுகள் ஓடிய காரைத் தாம் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றவர்கள் பலர். பொருளியல் நூல்களிற் காணும் தேய்மானம் இங்கே தலைகீழாக நின்றது. அதைக் கண்டு, "கார் ஒரு முதலீடு" என்று நம்பத் தலைப்பட்டோரும் உண்டு. அது தவறான நம்பிக்கை. தடை உயர்த்திய விலையைத் தடை நீக்கம் தாழ்த்தும். ஒரு வர்த்தமானி கொடுத்ததை இன்னொன்று பறிக்கும்.

வரியின் அமைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. பெற்றோல் கார்களுக்குரிய உற்பத்தித் தீர்வை, வண்டியின் விலையைக் கொண்டன்றி, எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு விதிக்கப்படுகிறது. ஒரே அளவு எஞ்சினையுடைய புதிய காரும், சிறிது ஓடிய காரும் அத்தீர்வையை ஏறக்குறைய ஒரே தொகையாகச் சுமக்கின்றன. யப்பானிலே ஒன்று மற்றதிலும் பாதி விலையாக இருக்கலாம். கொழும்புக்கு வந்து வரியும் சேர்ந்த பின் அந்த வேறுபாடு விகிதத்தில் மிகவும் சுருங்கிவிடும். ஆகவே 'றீகண்டிஷன்' என்ற காரணத்தால் மட்டும் ஒரு வண்டி மலிவு என்று எண்ணிவிடல் ஆகாது. இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஓர் எடுத்துக்காட்டை நாமே புனைந்து கொள்வோம். புதியது ஒரு கோடி ரூபா; சற்றே பாவித்தது எண்பது இலட்சம். ஐந்தாண்டின் பின் முன்னது எழுபதுக்கும், பின்னது ஐம்பத்தெட்டுக்கும் விலை போகும் என வைப்போம். இழப்பு முறையே முப்பதும் இருபத்திரண்டும். வேறுபாடு எட்டு இலட்சம். முதலிலே மிச்சமான இருபது இலட்சத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் தனிவட்டி கணக்கிட்டால், ஐந்தாண்டில் பன்னிரண்டு இலட்சம். ஆகப் புதிய வண்டியின் மேலதிகச் செலவு இருபது இலட்சம். பாவித்த வண்டியின் மேலதிகத் திருத்தச் செலவு அதனிலும் குறையுமாயின், பாவித்ததே இலாபம்.

இனி, விலை வேறுபாடு ஐந்து இலட்சந்தான் என்று வைத்துப் பாருங்கள். புதியது ஒரு கோடி, மற்றது தொண்ணூற்றைந்து. ஐந்தாண்டின் பின் அவை எழுபதுக்கும் அறுபத்தாறுக்கும் விலை போனால், இழப்பில் வேறுபாடு ஒரே இலட்சம், வட்டி மூன்று இலட்சம், ஆக நான்கு. ஒரேயொரு பெரிய பழுது அந்த நான்கு இலட்சத்தையும் விழுங்கிவிடக்கூடும். இந்நிலையில் உத்தரவாதத்துடன் வரும் புதிய வண்டியே மேல். இதுவே இக்கட்டுரையின் சாரம் எனலாம்: விலை வேறுபாடு தடித்திருந்தால் பாவித்தது, மெலிந்திருந்தால் புதியது.

கலப்பு எஞ்சின் வண்டியிலும் மின்சார வண்டியிலும் இன்னொரு கணக்குச் சேர வேண்டும். அதுதான் பற்றரி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தோடு மூப்படைவது அதன் இயல்பு. வெப்பம் அம்மூப்பை விரைவுபடுத்தும். கலப்பு வண்டிகள் பலவற்றில் பின் ஆசனத்தருகே பற்றரியைக் குளிர்விக்கும் காற்றாடியின் வாய் உண்டு. அது தூசியால் அடைபட்டிருந்தால், முன்னைய சொந்தக்காரரின் கவனமின்மையை அதுவே சொல்லிவிடும். நிசான் லீஃப் போன்ற மின்சாரக் காரில் பற்றரியின் எஞ்சிய வலுவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் முகப்பிலே உள. அவற்றுள் எத்தனை மறைந்துள்ளன என்று எண்ணாமல் விலை பேசலாகாது.

பாவித்ததை வாங்கத் துணிவோர் செய்ய வேண்டியன சில. பதிவுப் புத்தகத்தில் முன்னைய சொந்தக்காரர் எத்தனை பேர் என்று பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் நீங்காதிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். முப்பதாயிரம் கிலோமீற்றரே ஓடியது என்னும் வண்டியில் மிதியின் றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், பொய் சொல்வது மானியே. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் உண்டு; முதல் இரண்டும் செய்த வாரத்தையும், பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். ஆசனப் பட்டியை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். அடியிலே சேற்றுக் கறை தென்பட்டால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாயிருக்கலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் முடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக்கை அன்றி, உங்கள் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியே அன்று நீங்கள் செலவிடும் பணத்துள் மிகப் பயனுள்ளது.

இத்தனையும் செய்ய நேரமோ, நம்பத்தக்க மெக்கானிக்கோ இல்லாதவர், விலை சற்றுக் கூடினும் புதியதை வாங்குதல் நன்று. அவர் அதிகமாகக் கொடுக்கும் பணம் மனநிம்மதியின் விலை. அதை வீண்செலவு என்று எவரும் பழிக்க முடியாது. ஆனால், அயலார் வீட்டில் புதியது நிற்கிறது என்பதற்காகக் கடனைப் பெருக்கிப் புதியதை வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. காரின் வாசனை சில மாதங்களிற் போய்விடும். லீசிங் தவணை ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் வந்து கதவைத் தட்டும். வண்டி நமக்காக ஓட வேண்டுமே தவிர, வண்டிக்காக நாம் ஓடலாகாது.